வாளிக்குள் கரைந்த ஏழு மாதங்கள்

கட்டுநாயக்காவில் இறங்கியதும் நிரப்பிக் கொடுக்கும் அட்டையில் வருகையின் நோக்கம் என்ன என்று ஒரு கேள்வி இருக்கிறது. உறவினரைப் பார்த்தல் என்ற இடத்தில் அடையாளமிட்டேன். கவுண்டரில் இருந்த இளைஞர் என் நோர்வே பாஸ்போட்டில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, எத்தனை வருடத்துக்குப் பிறகு வருகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். எட்டு என்றேன். "நல்ல வருடமாகப் பார்த்து வந்திருக்கிறீர்கள்," என்று சிரிக்காமல் சொல்லி முத்திரையைக் குத்தினார்.

நான் போனது ஒரு பொய்யைத் திருத்துவதற்கு. அதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றவை விளங்கும்.

என் மகள் ஆரணிக்கு இருபத்துமூன்று வயது. ஒஸ்லோவில் சித்திரம் படிக்கிறாள். கடைசி வருட வேலையாக ஒரு நாட்டின் ஒரு வருடத்தை நாளுக்கு ஒரு பக்கமாக வரைந்து எழுத வேண்டும் என்று முடிவு செய்தாள். பக்கத்தின் மேலே அன்றைய அரசியல், நடுவில் விளையாட்டு, கீழே படம், நாடகம், பாட்டு, திருவிழா என்று எது நடந்ததோ அது. எந்த நாடு என்று கேட்டதற்கு "உங்கட நாடு" என்றாள். ஜனவரியில் கொழும்புக்குப் போய் வெள்ளவத்தையில் என் அக்காவின் வீட்டில் தங்கினாள். அந்த வருடம் எப்படிப்பட்டதாக இருக்கும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சமைக்கக் காஸ் இல்லாமல் போனது. பெற்றோல் இல்லாமல் போனது. சனம் வரிசைகளிலேயே சமைத்து, படித்து, நித்திரை கொண்டது. பிறகு, சனாதிபதி போகவேண்டும் என்று காலிமுகத்திடலில் கூடாரம் அடித்து உட்கார்ந்தது. யூலையில் சனாதிபதி நாட்டை விட்டே போய்விட்டார். இவ்வளவும் ஆரணியின் கொப்பிகளில் இருந்தன. மாதத்துக்கு ஒன்றாக ஏழு கொப்பிகள்.

இராணுவம் திடலில் கூடாரங்களைப் பிடுங்கிய பிறகு, வீடியோக்களைப் பார்த்து அங்கே இருந்த ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று செய்திகள் வரத் தொடங்கின. நான் ஒஸ்லோவில் பாடசாலை விடுமுறையில் இருந்தேன். கணிதம் படிப்பிக்கிறவன். மூன்று நாள் போனைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அக்காவைக் கூப்பிட்டேன். ஆரணி ஓகஸ்ட் கொப்பியை எடுத்துக்கொண்டு பெரஹரா ஊர்வலத்தை வரையக் கண்டிக்குப் போயிருந்தாள். மற்ற ஏழும் அலுமாரியில் இருந்தன. அவற்றில் முகங்கள் இருந்தன, பெயர்கள் இருந்தன, யார் எங்கே நின்றார்கள் என்பது இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிடும்படி அக்காவிடம் சொன்னேன்.

அழிப்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. எரித்தால் புகை அடுத்த வீட்டுக்குத் தெரியும். கிழித்துக் குப்பையில் போட்டால் யாரும் பொருத்திப் பார்க்கலாம். ஆகவே சவர்க்காரத் தூள் போட்ட வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, கையால் பிசைந்து கூழாக்கி, கழிவறையில் ஊற்றிவிட வேண்டும். தொண்ணூறுகளில் அக்காவின் வெள்ளவத்தை ஒழுங்கையில் பல தமிழ் வீடுகளில் இப்படி வாளிகள் இருந்தன. ஒரு சிநேகிதனின் விலாசம் எழுதிய துண்டுத்தாள் சட்டைப்பைக்குள் இருந்ததற்காக பொலிஸார் என்னைக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நான் திரும்பி வந்தபோது அக்கா அம்மாவின் கடிதங்களைப் பிசைந்துகொண்டிருந்தா. இன்றுவரை நான் யாருடைய விலாசத்தையும் தாளில் எழுதுவதில்லை.

ஆரணி கண்டியிலிருந்து திரும்பி, அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அழுதாள். அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். "நான் பத்திரமா எடுத்து வைக்கச் சொல்லித்தான் சொன்னனான். மாமி பயந்திட்டா போல." அவள் போனை வைக்காமலே அக்காவிடம் கேட்டாள். அக்கா அலுமாரியைச் சாத்துகிற சத்தம் வந்தது. பிறகு, "ஓம் பிள்ளை. நான்தான் பயந்திட்டன்," என்று சொன்னது எனக்கும் கேட்டது.

அன்று பின்னேரமே ஆரணி உடுப்புகளை அள்ளிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு அறைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வெள்ளவத்தைப் பக்கம் போகவில்லை. ஐந்து வாரம் கழித்துத்தான் நான் விமானம் ஏறினேன். போனில் சொல்லக்கூடிய விசயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதில் ஐந்து வாரம் போய்விட்டது.

வெள்ளவத்தை வீடு அப்படியே இருந்தது, ஒன்றைத் தவிர. காஸ் சிலிண்டரை யன்னல் கம்பியோடு சைக்கிள் சங்கிலியால் கட்டிப் பூட்டியிருந்தா அக்கா. "மேல்மாடியில ரெண்டு களவு போச்சு," என்றா. "நகையை வெளியில வைச்சாலும் வைப்பினம், காஸை வைக்கமாட்டினம்." அக்கா அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் முப்பது வருடம் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவ. கலியாணம் செய்யவில்லை. நான் கொண்டுபோன மண்ணிற நோர்வேப் பாற்கட்டியை ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, "சவர்க்காரத்துக்குச் சீனி போட்ட மாதிரிக் கிடக்கு," என்று மூடி வைத்தா.

அந்தப் பொய்யைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயணம் எப்படி, பிள்ளையின் தாய்க்கு முழங்கால் நோவு சுகமா, அங்கே இப்போது குளிர் தொடங்கிவிட்டதா என்றெல்லாம் கேட்டா. புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்தா. பாணும் முட்டையும் விற்கிற விலையைச் சொன்னா. நான் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டேன். ஒழுங்கை முடிவில் கடலோர ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இந்த வீட்டில் இருக்கும்வரை என்னால் வாய் திறக்க முடியாது என்று தெரிந்தது. நாளைக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போய் ஆரணியிடம் சொல்வது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலையில் அக்கா எழும்பி இடியப்பம் அவித்து, சொதி வைத்து, மூன்று அடுக்குக் கரியரில் போட்டுத் தந்தா. "சூடு ஆறமுதல் குடு. சம்பலுக்கு உறைப்புக் குறைச்சுத்தான் போட்டனான் எண்டு சொல்லு." வெள்ளவத்தையை ஊடறுத்துப் போகும் காலி வீதியில் ஓட்டோ ஒன்றை மறித்தேன். கொட்டாஞ்சேனைக்கு என்றதும் ஓட்டுநர் வானத்தைப் பார்த்தார். போனில் ஏதோ கணக்கைப் பார்த்தார். சிங்களத்தில், ஏறுங்கள், ஆனால் வழியில் ஒரு சின்ன வேலை இருக்கிறது என்றார்.

அந்தச் சின்ன வேலை கொள்ளுப்பிட்டியில் ஒரு பெற்றோல் வரிசை. அந்தக் கிழமைக்கு உரிய பங்கு அவருக்கு இன்னும் மிச்சம் இருந்ததாம். நான் இறங்கி வேறு வண்டி பிடிக்கப் பார்த்தேன். "இருங்கள் ஐயா, ஆள் இருக்கிற ஓட்டோவைக் கண்டால் கொஞ்சம் இரக்கப்படுவார்கள்," என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். முன்னால் நின்ற வான் வண்டியின் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "வாடகைக்கு ஆள் பிடித்து வைத்திருக்கிறாயா?" என்று கேட்டார். "வெளிநாட்டு ஆள். நாளுக்கு டொலரில் கொடுக்கிறேன்," என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். ஒஸ்லோவில் வரிசையில் நிற்கும்போது ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் விட்டு நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்போம். இங்கே அரை மணித்தியாலத்துக்குள் எனக்கு எத்தனை பிள்ளைகள், ஏன் ஒன்றோடு நிறுத்தினேன் என்பது வரை விசாரித்துவிட்டார்கள். மகளைப் பார்க்கப் போகிறேன் என்றேன். "கோபித்துக்கொண்டு போன மகளா?" என்று வான்காரர் கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். "சாப்பாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிற விதத்தில் தெரிகிறது."

கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. தேவாலயத்தின் குவிமாடம் தெரிகிற ஒரு குறுக்குத்தெரு. வீட்டுக்காரர் பிரான்சிஸ் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர், மனைவி ரீட்டா. ரீட்டாதான் கதவைத் திறந்தா. "ஆ, நோர்வே அங்கிளா? ஆரணி, உங்க அப்பா வந்திருக்காரு." ஆரணி மாடிப்படியில் இறங்கி வந்து பாதியில் நின்றாள். மெலிந்திருந்தாள். விரல்களில் மை.

"ஏன் வந்தனீங்கள்?"

"உன்னைப் பாக்கத்தான்."

"வாறன் எண்டு சொல்லேல்லை."

"சொன்னா வரவேண்டாம் எண்டு சொல்லியிருப்பாய்."

"ஓம்," என்றாள்.

கரியரை நீட்டினேன். மாமி தந்தது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கரியரை அவளுக்குத் தெரியும். வாங்கி, திறக்காமல் ரீட்டாவின் கையில் கொடுத்தாள். "அன்ரி, நீங்க சாப்பிடுங்க." பிறகு என்னை மாடிக்குக் கூட்டிப்போய் ஓகஸ்ட் கொப்பியையும் செப்டெம்பர் கொப்பியையும் காட்டினாள். பெரஹரா யானையின் காலடியில் ஒருவன் தன் போனில் பெற்றோல் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தான். மிக நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன். "இது எட்டாம் மாசம், அப்பா. ஒரு கதையின்ர எட்டாம் அத்தியாயம். முன்னுக்கு ஒண்டும் இல்லை," என்றாள். அதுதான் சொல்ல வேண்டிய நேரம். நான் யன்னலால் தேவாலயத்தைப் பார்த்தேன்.

வெளிக்கிடும்போது ரீட்டா கரியரைக் கழுவித் துடைத்துத் தந்தா. "சொதி நல்லா இருந்திச்சு அங்கிள். தேசிக்காய்ப் புளி கொஞ்சம் கூட." வீட்டுக்குப் போனதும் அக்கா கரியரை வாங்கித் திறந்து பார்த்தா. ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தா.

"பிள்ளை சாப்பிட்டவளே?"

"ஓம் அக்கா."

"எல்லாத்தையுமோ?"

"ஓம்."

ஒரு பொய்யைத் திருத்த வந்தவன் இரண்டாவதைச் சொன்னேன். அக்கா அன்றிரவு பாட்டு முணுமுணுத்தபடி சோளத் தோசைக்கு மா கரைத்தா. அடுத்த நாளைக்குக் கொடுத்துவிடுவதற்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆசியக் கிண்ணத்தின் இறுதி ஆட்டம். இந்த நாட்டில் நடக்க வேண்டிய போட்டி. மின்சாரமும் எரிபொருளும் இல்லாததால் டுபாய்க்குக் கொண்டுபோய்விட்டார்கள். தன் வீட்டுக் கலியாணத்தை அடுத்த ஊர் மண்டபத்தில் நின்று பார்க்கிற மாதிரி சனம் தொலைக்காட்சியில் பார்த்தது. பிரான்சிஸ் என்னையும் வரச் சொல்லியிருந்தார். வாசலிலேயே, "நோர்வேயில கிரிக்கெட் இருக்கா அங்கிள்? பனியில பந்து காணாமப் போகாதா?" என்று தொடங்கிவிட்டார். முன்னறையில் அயலவர் எட்டுப் பேர். ஆரணி மூலையில் நிலத்தில் இருந்து வரைந்துகொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அவள் எழும்பிப் போகவில்லை. அதுவே எனக்குப் பெரிய விசயம்.

எங்கள் ஆட்கள் முதலில் துடுப்பெடுத்தாடினார்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து விக்கெட் போனது. "சரி, முடிஞ்சுது. டீவியை நிப்பாட்டுங்க, கரண்டாவது மிஞ்சும்," என்றார் பிரான்சிஸ்.

"நம்ம நெட்போல் பிள்ளைகள் சிங்கப்பூர்ல கப்பை எடுத்திட்டாங்க," என்றா ரீட்டா குசினியிலிருந்து. "இந்த வீட்டுல ஒரு மனுசன் அதைப் பத்திக் கதைக்கல்ல."

"நெட்போலை யார் பாக்கிறது?"

"நான் பார்த்தேன். போன்ல. நீங்க ஐஸ் வாங்கப் போன நேரம்."

ஆரணி சிரித்தபடி பக்கத்தின் நடுப்பகுதியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ரீட்டாவை வரையத் தொடங்கினாள். கரண்டியும் போனுமாக. நான் குனிந்து, "பிள்ளை, உன்னோட ஒண்டு கதைக்கவேணும்," என்றேன். "மட்ச் முடியட்டும் அப்பா," என்றாள். அவள் குரலில் பழைய இணக்கம் கொஞ்சம் இருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. இனி வெல்லப்போவதில்லை என்று நினைத்து, பாதி ஆட்டத்திலேயே எழும்பி பஸ்ஸைப் பிடித்து வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன்.

விடிய எழும்பினால் தெருவெல்லாம் வெடிச் சத்தம். வென்றுவிட்டார்கள். கடைசிவரை இருந்திருந்தால் நானும் பார்த்திருப்பேன். அக்கா பால்மா கிடைக்காத காலத்துக்குச் சேமித்து வைத்திருந்த பக்கெற்றை உடைத்து எனக்குப் பால் ரீ போட்டுத் தந்தா. "ஒரு வருசத்தில ஒரு நல்லதாவது நடந்துதே," என்றா.

திங்கட்கிழமை ஆரணி என்னைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போனாள். அவளாகவே கேட்டாள். கூடாரங்கள் இருந்த இடங்களில் புல் இன்னும் வெளிறியிருந்தது. இந்த இடத்தில் நூலகம், இந்த இடத்தில் சமையல், இங்கேதான் ஒருவர் தினமும் கிட்டார் வாசித்தார் என்று காட்டிக்கொண்டே போனாள். இறால் வடைக்காரர்கள் தள்ளுவண்டிகளோடு திரும்பியிருந்தார்கள். ஒரு வடை வாங்கி இரண்டாகப் பிய்த்து எனக்கும் தந்தாள். காற்றில் கடதாசி பறந்தது.

"இந்த இடத்தில ஒரு தாத்தா இருந்தவர். ஒவ்வொரு நாளும் ஷேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வருவார். அவரின்ர முகம் எனக்கு இப்ப வருகுதில்லை அப்பா. கொப்பியில இருந்தது."

நான் கையிலிருந்த வடையைப் பிய்த்தேன்.

"மாமியில எனக்குக் கோவம் இல்லை," என்றாள் அவளாகவே. "அவ பட்டதெல்லாம் தெரியும். ஆனா அவவை நம்பேலாது. அதான் போகாமல் இருக்கிறன். நீங்கள் பத்திரமா வைக்கச் சொன்னதைக்கூட அவ கேக்கேல்லைத்தானே."

என் மேல் அவளுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நம்பிக்கையை அக்காவிடமிருந்து எடுத்து எனக்குத் தந்திருந்தாள். கோபமாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வந்தவனுக்கு இதை எதிர்கொள்ளத் தெரியவில்லை. வெயில் அதிகம், போவோம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை கிண்ணத்தோடு அணி வந்து இறங்கியது. கட்டுநாயக்காவிலிருந்து மேல்மாடி திறந்த பஸ்ஸில் நகருக்குள் கூட்டிவருகிறார்கள் என்றார்கள். ரீட்டா, ஆரணி, நான் மூவரும் பெரிய வீதிக்குப் போனோம். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், சிங்கக் கொடி பிடித்த முஸ்லிம் பெண்கள், பாதணிக் கடை ஊழியர்கள் என்று இருபக்கமும் சனம். போக்குவரத்து நின்றுவிட்டது. நின்றுபோன பஸ் ஒன்றின் நடத்துநர் கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். உள்ளே இருந்த பெண் ஒருவர், "தம்பி, என் வேலைக்கு யார் போவது?" என்று சிங்களத்தில் கத்தினா. "இன்றைக்கு யாருக்கும் வேலை இல்லை அக்கா, கிண்ணத்தை முதலாளியிடம் காட்டுங்கள்," என்றார் அவர்.

பக்கத்தில் நின்ற ஒருவர் தன் மனைவியிடம் சொன்னதும் கேட்டது. "இரண்டு மாதத்துக்கு முன் இதே வீதியில் கண்ணீர்ப்புகைக்கு ஓடினோம். இப்போது அதே பொலிஸார் கயிறு கட்டி நிற்க இடம் தருகிறார்கள்." ஆரணி அதை உடனே எழுதினாள். ரீட்டா நெட்போல் பிள்ளைகளின் வண்டி எங்கே என்று பொலிஸ்காரரிடம் விசாரிக்கப் போனா. நாங்கள் இருவரும்தான் நின்றோம். பஸ் இன்னும் வரவில்லை.

"ஆரணி, அண்டைக்கு மாமி பயப்படேல்லை," என்றேன்.

அவள் கொப்பியைப் பார்த்தபடியே இருந்தாள்.

"நான்தான் சொன்னனான், எல்லாத்தையும் கரைச்சுப்போடு எண்டு. மாமி ரெண்டு தரம் கேட்டவ, பிள்ளை வந்த பிறகு செய்வமே எண்டு. நான் போனில கத்தினனான். செய்து முடிச்சுப்போட்டு போன் எடு எண்டு சொன்னனான். பிறகு நீ அழுதவுடன பழியை மாமியில போட்டிட்டன்."

தூரத்தில் ஆரவாரம் தொடங்கியது. ஆரணி பேனாவை மூடினாள்.

"மாமி ஏன் சொல்லேல்லை?"

"நான் அவவின்ர தம்பி."

"நான் மாமியைப் பாத்து என்ன சொன்னனான் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. பஸ் எங்களைக் கடந்து போனபோது எல்லோரும் கைகளை உயர்த்தினார்கள். கிண்ணம் வெயிலில் ஒருமுறை மின்னியது. ஆரணி அதைப் பார்க்கவில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். நான் பின்னால் போனேன். புறக்கோட்டைவரை நடந்து, அங்கே காலி வீதி பஸ்ஸில் ஏறினோம். அவள் முன் இருக்கையில், நான் நான்கு வரிசை தள்ளி. வீதிகள் மறிக்கப்பட்டிருந்ததால் அந்தப் பயணம் இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ஒருமுறைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்த அக்கா கையில் அகப்பையோடு நின்றா. ஆரணியைக் கண்டதும் அகப்பையை மற்றக் கைக்கு மாற்றினா. பிறகு திரும்பவும் பழைய கைக்கே மாற்றினா.

"மாமி, அப்பா சொல்லிட்டார்," என்றாள் ஆரணி.

அக்கா என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அவன் சொல்லாட்டியும் நான் செய்துதான் இருப்பன் பிள்ளை," என்றா அக்கா. "எனக்கும் பயம்தானே."

"இல்லை அக்கா," என்றேன். "நீ பிள்ளை வரட்டும் எண்டு ரெண்டு தரம் கேட்டனீ. அதையும் நான் இவளுக்குச் சொல்லிப்போட்டன். இனி எனக்காகச் சொல்லாதை."

அக்கா கதிரையில் இருந்துவிட்டா. ஆரணி அவவின் காலடியில் நிலத்தில் இருந்து, மடியில் முகத்தை வைத்து, மாமி என்னை மன்னியுங்கோ என்றாள். அக்கா அவள் தலையைத் தடவினா. "எழும்பு, சோறு அடிப்பிடிக்கப் போகுது," என்றா. இருவரும் குசினிக்குள் போனார்கள். நான் முன்னறையில் நின்றேன். எனக்கு அங்கே போக இடமிருக்கவில்லை.

சாப்பிடும்போதுதான் அது வெளியே வந்தது. சோற்றைப் பிசைந்தபடி ஆரணி, கரைக்கும்போது தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தது மாமி என்று கேட்டாள். சித்திரக்காரிக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும்.

"ஏப்ரலுக்கு மஞ்சள்," என்றா அக்கா யோசிக்காமல். "நீ புத்தாண்டுக்குக் கொக்கிஸ் பலகாரம் கீறினனீதானே, எண்ணெய் இல்லாமல் வெறும் அச்சை மட்டும் தூக்கிக்கொண்டு ஒரு மனிசி நிண்டவ. அதில மஞ்சள் கனக்க."

ஆரணியின் கை நின்றது. "மாமி, நீங்கள் அதைப் பாத்தனீங்களா?"

"வாசிச்சுப்போட்டுத்தான் பிள்ளை போட்டனான். ஒவ்வொரு பக்கமாக் கிழிச்சு, வாசிச்சு, பிறகுதான் வாளிக்குள்ள. விடிய ஆறு மணிக்குத் தொடங்கி விளக்கு வைக்கிற நேரம் முடிஞ்சுது. முப்பது வருசம் வாசிக்காமல் ஒரு தாளைக் கைவிட்டதில்லை. நோர்வேப் பாசையில எழுதினதுகள்தான் விளங்கேல்லை."

"எல்லாம் ஞாபகம் இருக்கா?"

"அப்ப இருந்தது," என்றா அக்கா. "கண்ணை மூடினா வரிசையா வந்தது. ரெண்டு மூண்டு கிழமை ஒரே அதுதான். ஆருக்குச் சொல்லுறது?"

அடுத்த இரண்டு நாளும் நான் ஒஸ்லோவுக்குத் திரும்பும்வரை அவர்கள் இருவரும் மேசையை விட்டு எழும்பவில்லை. ஆரணி கொட்டாஞ்சேனை அறையைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டாள். புறக்கோட்டையில் ஏழு புதிய கொப்பிகள் வாங்கி வந்தாள். அக்கா முதுகை நிமிர்த்தி, விரல்களை மேசை விளிம்பில் வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் கேட்டுத் தட்டெழுதியதை இப்போது திரும்பச் சொல்கிறவ போலச் சொல்லிக்கொண்டே போனா. வரிசையில் நின்றபடி நகத்துக்குச் சாயம் பூசிய பெண். வெசாக் பண்டிகைக்குக் காஸ் சிலிண்டர் வடிவத்தில் கட்டிய விளக்குக் கூடு. யூலையில் சனாதிபதி மாளிகைத் தடாகத்தில் சனம் குதித்துக் குளிக்க, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்ற ஒரு மனிதர். "அவர் இறங்கேல்லை. கீழ ஏதோ எழுதியிருந்தனீ," என்றா. "இறங்க வெக்கமா இருக்காம் எண்டு," என்றாள் ஆரணி. இருவரும் சிரித்தார்கள். நான் ரீ போட்டுக் கொடுத்தேன். எடுத்துக் குடித்தார்கள்.

காலிமுகத்திடலில் அயர்ன் செய்த ஷேர்ட்டோடு வரும் அந்த முதியவரைப் பற்றி ஆரணி கேட்டாள். மூக்குக் கண்ணாடிக்கு நூல் கட்டியிருந்தார் என்றா அக்கா. அதற்கு மேல் வரவில்லை.

எல்லாம் அப்படித்தான் இருந்தது. சில நாட்கள் முழுதாக வந்தன. சில நாட்களில் ஒரு மூலை மட்டும் வந்தது. மார்ச் மாதத்தின் நடுவில் அக்கா நிறுத்திக்கொண்டா. கண்ணை மூடினா. திறந்தா.

"பச்சை நிறம் கனக்க இருந்தது பிள்ளை. ஆரோ ஒரு பொம்பிளைப் பிள்ளை, கையில ஏதோ... இல்லை, வருகுதில்லை. நீ கண்டியால வந்த கிழமையே கேட்டிருந்தா சொல்லியிருப்பன்."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அக்கா மறதியை நொந்துகொண்டுதான் சொன்னா. வெளியே என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வந்த கார் ஹோர்ன் அடித்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு மேசையடியில் நின்றேன்.

"பரவாயில்லை மாமி, விடுங்கோ," என்றாள் ஆரணி. மேலே திகதியை மட்டும் எழுதினாள். ஒரு கணம் பேனாவைத் தாளின் மேல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டு, அடுத்ததைப் புரட்டினாள். அதற்கும் திகதி எழுதினாள்.